கட்டிலருகே நின்ற சட்டம்

இவ்வாரம் எடுத்துக்கொண்ட பொருள், நம் இல்லங்களிற் பெரும்பாலும் அடுக்களைக்குள்ளே, அதுவும் குரலைத் தாழ்த்திப் பேசப்படுவது. கருக்கலைப்பு என்னும் சொல்லைக் குடும்பப் பகுதியிற் கண்டவுடனே முகஞ் சுளிக்கும் பெற்றோர் சிலர் இருத்தல் கூடும். ஆயினும் மேல்வகுப்புகளிற் குடியியல் பயிலும் நம் பிள்ளைகள் சட்டம் என்பதை ஏட்டிலே மட்டும் படிக்கின்றனர். அச்சட்டம் ஏட்டை விட்டிறங்கி நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்குமானால் யாது நிகழும் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அதனை எடுத்துக்காட்டுவதற்கு, அயர்லாந்து நாட்டில் 2012ஆம் ஆண்டு நேர்ந்த ஒரு மரணத்தினும் பொருத்தமான வரலாறு வேறொன்றை நான் அறியேன். கரு எப்பொழுது உயிராகின்றது, அதனை நீக்குதல் எத்துணைப் பாவம் என்ற வினாக்களுக்கு இப்பத்தியில் விடை தேட நான் புகவில்லை. அவற்றுக்கு அவரவர் சமயமும் மனச்சான்றும் உள. ஒரு சட்டம் எவ்வாறு வேலை செய்தது என்பதையே இங்கு பார்ப்போம்.

சவிதா ஹலப்பனவர் என்பவர் இந்தியாவிற் கர்நாடகப் பகுதியைச் சேர்ந்த பெண்மணி, பல் வைத்தியர். பொறியியலாளரான கணவருடன் அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கோல்வே நகரில் வாழ்ந்துவந்தார். வயது 31. தலைப்பிள்ளையை ஆவலோடு எதிர்பார்த்திருந்த குடும்பம். 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, கருவுற்ற பதினேழாம் வாரத்தில், முதுகு நோகின்றது என்று அந்நகரத்துப் பல்கலைக்கழக வைத்தியசாலைக்குச் சென்றார். பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். அன்று பிற்பகலே நோவு கூடித் திரும்பி வந்தார். இம்முறை சோதித்தவர்கள், கரு இனித் தங்காது, சிதைவு தவிர்க்க முடியாதது என்று கண்டு விடுதியிற் சேர்த்துக்கொண்டனர். நள்ளிரவு கடந்த சிறிது நேரத்திற் பன்னீர்க்குடம் உடைந்தது.

பதினேழு வாரத்துச் சிசு வெளியே வந்து பிழைத்தல் எவ்வாற்றானும் இயலாது. மேலும், பன்னீர்க்குடம் உடைந்துவிட்டாற் கருப்பைக்கு இருந்த காப்பு நீங்கிவிடுகின்றது; கிருமிகள் உள்ளே ஏறுவதற்கு வழி திறக்கின்றது. நேரம் ஏற ஏறத் தாய்க்கு அபாயம் ஏறுகின்றது. இத்தகைய நிலையிற் கருப்பையை விரைவில் வெறுமையாக்கிவிடுவதா, இயற்கையே முடிக்கட்டும் என்று கூர்ந்து கவனித்திருப்பதா என்பது வைத்தியரும் நோயாளியும் கலந்து துணிய வேண்டிய காரியம். செவ்வாய்க்கிழமை சவிதா அதனையே கேட்டார். பிள்ளை பிழைக்கப்போவதில்லை என்றாகிவிட்டபின் இவ்வேதனையை நீட்டுவானேன், கருவை நீக்கிவிடுங்கள் என்றார். கருவின் இதயம் இன்னமும் துடிக்கின்றது, தாயின் உயிருக்கு இப்பொழுது ஆபத்தில்லை, ஆதலால் இந்நாட்டுச் சட்டம் இடந்தராது என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. மருத்துவத்தாதி ஒருவர், இது கத்தோலிக்க நாடு என்று காரணமுஞ் சொன்னார். அவ்வாறு சொன்னது உண்மையே என்று அத்தாதி பின்னர் மரண விசாரணையில் ஒப்புக்கொண்டார். புண்படுத்தும் நோக்கத்தோடு சொல்லவில்லை என்றுங் கூறினார். அதனை நான் நம்புகின்றேன். அவர் ஊரில் எல்லாரும் அறிந்திருந்த ஒன்றைத்தான் அவர் சொன்னார்.

புதன்கிழமை விடியுமுன்னர் சவிதாவுக்கு நடுக்கங் கண்டது. அறை குளிர்கின்றது போலும் என்று போர்வையும் காய்ச்சல் மாத்திரையுங் கொடுத்தனர். ஆறரை மணியளவிற் காய்ச்சல் 39 பாகையைத் தாண்டியிருந்தது. நாடி நிமிடத்துக்கு 160. கிருமி இரத்தத்திற் கலந்துவிட்டது. அன்று பிற்பகல், இனிக் கருவை நீக்குவதே தகும் என்று வைத்தியர் தீர்மானித்திருந்த வேளையில், அது தானாகவே உயிரற்று வெளிப்பட்டது. அதன்பின் தீவிர சிகிச்சைப் பிரிவிற் சில நாட்கள். ஒக்டோபர் 28ஆந் திகதி, அடுத்த ஞாயிறு நள்ளிரவு கடந்தபின், அவர் இறந்தார்.

இந்நாட்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்மின். செவ்வாய்க்கிழமை உயிருக்கு ஆபத்தில்லை. ஆகவே சிகிச்சைக்குச் சட்டம் இல்லை. புதன்கிழமை உயிருக்கு ஆபத்து. சட்டம் வந்துவிட்டது, பயன் இல்லை. வைத்தியருக்கு அனுமதி கிடைக்கும் கணம் இவ்விரு நாட்களுக்கும் நடுவே எங்கோ இருந்தது. அந்தக் கணத்தைப் பிடிப்பதற்காக ஒரு வைத்தியர் வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருத்தல் வேண்டும் என்று எந்த மருத்துவ நூலும் விதிக்கவில்லை. சட்ட நூல் விதித்தது.

இதற்கு மறுப்புரையும் உண்டு. வைத்தியசாலையின் கவனக்குறைவே அவரைக் கொன்றது, சட்டத்தின்மேற் பழி போடுவது தகாது என்றனர் பலர். கவனக்குறைவு இருந்தது மெய்யே. 2013ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் நடந்த மரண விசாரணையில், முதல் நாள் எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவை எவரும் தொடர்ந்து பாராதிருந்ததும், நாலு மணிக்கொருமுறை நாடியும் காய்ச்சலும் பார்க்கத் தவறியதும் வெளிப்பட்டன. மருத்துவத் தவறினால் நேர்ந்த மரணம் என்று யூரிமார் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதே விசாரணையிற் சாட்சியமளித்த மகப்பேற்று நிபுணர் ஒருவரோ, திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை கருவை நீக்கியிருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும், ஆனால் அந்நாட்களில் அதனைச் செய்வதற்குச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை, இடம் உண்டான போது காலங் கடந்துவிட்டது என்றார்.

இவ்விரண்டையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டிய பணி நம்மவர் ஒருவரிடம் வந்தது என்பதை வாசகர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அயர்லாந்துச் சுகாதார சேவை அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைவராயிருந்தவர் பேராசிரியர் சேர் சபாரத்தினம் அருள்குமரன். இலங்கைத் தமிழர், கொழும்பு மருத்துவ பீடத்திற் பயின்று வெளியேறியவர், இலண்டனிலே மகப்பேற்று மருத்துவர்களுடைய அரச கல்லூரியின் தலைமைப் பதவியையும் வகித்தவர். 2013 ஜூனில் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை வைத்தியசாலையின் பிழைகளை மறைக்கவில்லை. கண்காணிப்புக் குறைந்ததையும், நோயாளிக்குரிய வழிகள் யாவும் எடுத்துரைக்கப்படாததையும் கண்டித்தது. அத்துடன் நில்லாது, சட்டத்தை எவ்வாறு பொருள் கொள்வது என்ற கவலையும் தெளிவான வழிகாட்டல் இல்லாமையும் இம்மரணத்துக்கு முக்கியமான துணைக்காரணங்கள் என்று எழுதியது. நாலு ஆண்டுகளின் பின்னர், 2017இல், அயர்லாந்துப் பாராளுமன்றக் குழுவின் முன் தோன்றியபோது பேராசிரியர் இன்னுந் தெளிவாகப் பேசினார். வைத்தியர்களின் கையைக் கட்டியது சட்டமே. கேட்டபொழுதே கருவை நீக்கியிருந்தாற் சவிதா இன்று உயிரோடிருப்பார். அவர் பெயரை நாம் கேள்விப்பட்டிருக்கவே மாட்டோம் என்பது அவர் கூறியதன் கருத்து. நோயாளர் பலரைக் கண்ட ஒரு முதிர்ந்த வைத்தியரின் சொல் இது. அரசியல் மேடைப் பேச்சன்று.

அச்சட்டந்தான் எங்கிருந்து வந்தது? விக்டோரியா மகாராணி காலத்தில், 1861ஆம் ஆண்டு, ஆளுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய சட்டமொன்று இலண்டனில் இயற்றப்பட்டது. கருவைக் கலைப்பவருக்கும், தானே கலைக்க முயலும் பெண்ணுக்கும் ஆயுட்காலம் வரையான தண்டனையை அது விதித்தது. 1922இல் அயர்லாந்து தனியரசான போது பிரித்தானியரின் கொடி இறங்கிற்று. இச்சட்டம் அங்கேயே தங்கிவிட்டது. பிற்காலத்தில் நீதிமன்றங்கள் இதனைத் தளர்த்திவிடுமோ என்று அஞ்சியவர்கள், 1983ஆம் ஆண்டு செப்டெம்பரிற் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, பிறவாத உயிருக்கும் தாய்க்கும் வாழும் உரிமை சமம் என்ற எட்டாந் திருத்தத்தை அரசியலமைப்பிலே சேர்த்தனர். வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தனர். அவர்கள் பெண்களைக் கொல்ல எண்ணியவர்கள் அல்லர். சமம் என்ற சொல் கேட்பதற்கு இனியது. ஆனால் உயிரும் உயிரும் எதிர்நிற்கும் நள்ளிரவிற் கடமையிலிருக்கும் இளம் வைத்தியர் அச்சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று அன்று போதிய அளவு கேட்கப்படவில்லை.

பிரித்தானியாவிலே இவ்வினா முன்னமே எழுந்துவிட்டது என்பதையும் மாணவர் அறிந்துகொள்ளுதல் நன்று. 1938இல், போர்வீரர்களாற் கெடுக்கப்பட்ட பதினாலு வயதுச் சிறுமி ஒருத்தியின் கருவை அலெக் போர்ண் என்ற சத்திரவைத்தியர் இலண்டனில் நீக்கினார். மறைக்காது செய்தார், வழக்குத் தொடரப்பட்டது. நீதிபதி மக்னோட்டன் யூரிமாருக்கு எடுத்துரைத்தபொழுது, அந்தப் பெண் சாகுந் தறுவாய்க்கு வரும்வரை வைத்தியர் காத்திருத்தல் வேண்டும் என்று சட்டம் கோரவில்லை என்றும், உடலும் உள்ளமும் சிதைந்துபோவதைத் தடுப்பதும் உயிரைக் காப்பதிலே அடங்கும் என்றும் விளக்கினார். போர்ண் விடுதலையானார். 1967இல் அங்கு புதிய சட்டமே வந்துவிட்டது. மக்னோட்டன் 1938இற் சொன்ன ஒரு வாக்கியம் 2012இற் கோல்வே விடுதியில் இருந்திருக்குமாயின்!

உடல்நலத்துக்கு நேர்ந்தது ஒருபுறம் இருக்க, அந்தரங்கம் என்பதற்கு நேர்ந்தது வேறு. 1992இல் டப்ளின் நகரில் ஒரு வழக்கு. மீண்டும் பதினாலு வயதுச் சிறுமி; மீண்டும் பலாத்காரம். பெற்றோர் அவளை இலண்டனுக்குக் கூட்டிச் சென்றனர். நேர்மையான பெற்றோர், குற்றவாளிக்கெதிரான வழக்கிற்குக் கருவிலிருந்து பெறும் மரபணுச் சான்று உதவுமா என்று பொலிஸாரிடம் விசாரித்தனர். அவ்விசாரிப்பே வினையாயிற்று. செய்தி சட்டமா அதிபருக்கு எட்டியது. சிறுமி ஒன்பது மாதங்களுக்கு நாட்டைவிட்டு வெளியேறலாகாது என்று மேல் நீதிமன்றம் தடை விதித்தது. ஒரு குடும்பத்தின் மிக ஆழமான துயரம், அரசாங்கம் ஒரு பக்கமும் பதினாலு வயதுப் பிள்ளை மறுபக்கமுமாக நின்ற வழக்காகி, உலகத்துப் பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வந்தது. பெயரை மறைத்து எக்ஸ் என்ற ஓர் எழுத்தால் அவளைக் குறித்தனர். எழுத்தொன்றே அவளுக்கு மிஞ்சிய அந்தரங்கம். அவள் தற்கொலை செய்துகொள்ளும் அபாயம் இருப்பதால் தாயின் உயிருக்கு ஆபத்து என்ற விதி பொருந்தும் என்று சொல்லி, மார்ச் 5ஆந் திகதி மீயுயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. நாணயமாகப் பொலிஸாரைக் கேட்டவர்கள் மாட்டிக்கொண்டனர். வாய் திறவாது கப்பலேறியவர்கள் தப்பினர். மக்களை ஒளிக்கப் பழக்கும் சட்டம் எத்தகையது என்பதை இந்த ஒரு வழக்கே காட்டும்.

கப்பலும் விமானமும் ஏறியோர் தொகை சிறிதன்று. 1980 தொடங்கி 2016 வரை, அயர்லாந்து முகவரி கொடுத்துப் பிரித்தானிய வைத்தியசாலைகளிற் கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்களும் சிறுமியரும் ஏறத்தாழ 170,000 பேர். சட்டம் கருக்கலைப்பைத் தடுக்கவில்லை; கடலுக்கு அப்பால் அனுப்பிவைத்தது. பயணச்செலவுக்குக் காசில்லாதவள், கணவனுக்கு மறைக்க வேண்டியவள், நாட்டைவிட்டுப் போனாற் திரும்பி வர அனுமதி கிடையாத அகதிப்பெண், படுக்கையை விட்டெழ முடியாத நோயாளி ஆகியோருக்கு மாத்திரம் சட்டம் முழு வலிமையோடு நின்றது. வெளிநாட்டில் எங்கே போகலாம் என்ற விபரத்தைச் சொல்வதுகூட 1992 வரை தடுக்கப்பட்டிருந்தது. அவ்விபரத்தைக் கைந்நூலில் அச்சிட்ட பல்கலைக்கழக மாணவர் சங்கத்தாரும் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த வாக்கெடுப்பின் பின்னரே, பயணம் செய்யவும் தகவல் பெறவும் உரிமை உண்டு என்று அரசியலமைப்பில் எழுதினர். ஒரு நாட்டின் பெண்களுக்கு, துறைமுகத்துக்குப் போகும் உரிமையை வாக்கெடுப்பு வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

புற்றுநோயிலிருந்து தேறிவந்த பெண் ஒருவரின் வழக்கு என் மனத்தில் இன்னும் உறுத்துகின்றது. கருவுற்றது அறியாது, கருவுற்றோர் செய்யத்தகாத பரிசோதனைகளை அவர் செய்துகொண்டார். கரு வளர்ந்தால் நோய் திரும்புமா, தம் உயிருக்கு ஆபத்தா என்று வைத்தியர்களைக் கேட்டார். தெளிவான விடை கிடைக்கவில்லை. வினாவுக்கு விடை சொல்வதே குற்றத்தின் வாயிலில் நிற்பதாயிருந்தமையால் நாவடங்கிய நிலை. அவரும் இங்கிலாந்துக்கே போனார். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010 டிசம்பரில், அந்தரங்க வாழ்வுக்குரிய அவர் உரிமையை அயர்லாந்து மீறிவிட்டது என்று தீர்ப்பளித்தது. உயிராபத்து இருந்தால் அனுமதி உண்டு என்று சொல்லிவிட்டு, உயிராபத்து இருக்கின்றதா என்று அறிந்துகொள்ள ஒரு வழியும் வைக்காதிருந்ததே அங்கு கண்ட பிழை. அத்தீர்ப்பின்படி சட்டத்தைத் தெளிவாக்குவதற்கு அரசாங்கம் இரண்டு ஆண்டுகளாக ஆலோசித்துக்கொண்டிருந்தது. அவ்விரண்டு ஆண்டுகளின் இறுதியிலேதான் சவிதா வைத்தியசாலைக்குப் போனார்.

அவர் இறந்தபின் 2013இல் ஒரு சட்டம் வந்தது. 1861ஆம் ஆண்டின் பிரிவுகளை அது நீக்கியது. ஆயினும் உயிராபத்து என்ற ஒரே வாயிலையே திறந்துவைத்து, மீறினால் 14 ஆண்டுவரை சிறை என்றது. அதன்கீழும் 2014 டிசம்பரில் ஒரு விபரீதம். மூளை இறந்துவிட்டது என்று வைத்தியர்கள் முடிவுசெய்த இளந்தாய் ஒருவரின் உடலை, வயிற்றிற் சில மாதக் கரு இருந்தமையால், எட்டாந் திருத்தத்துக்கு அஞ்சி வாரக்கணக்காக இயந்திரத்தில் வைத்திருந்தனர். தகப்பனார் நீதிமன்றத்தை நாடினார். அக்கரு உயிரோடு பிறக்க வாய்ப்பில்லை என்று கண்ட நீதிபதிகள், நத்தாருக்கு மறுநாள் இயந்திரத்தை நிறுத்த அனுமதித்தனர். மகளை அடக்கஞ் செய்வதற்குத் தகப்பன் வழக்காட வேண்டியிருந்தது. இதன்மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

2018 மே 25ஆந் திகதி அயர்லாந்து மக்கள் மீண்டும் வாக்களித்தனர். 66.4 சதவீதத்தினர் எட்டாந் திருத்தத்தை நீக்குமாறு வாக்களித்தனர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அதனைச் சேர்த்த பெரும்பான்மையும் ஏறக்குறைய இதே அளவினதே. வாக்குரிமையுள்ள இளைஞர் பலர் வெளிநாடுகளிலிருந்து விமானமேறி வந்து வாக்களித்தனர். சவிதாவின் பெற்றோர் இந்தியாவிலிருந்து, தம் மகளை நினைத்து வாக்களிக்குமாறு வேண்டியிருந்தனர். டப்ளின் வீதிச் சுவரொன்றில் வரையப்பட்ட அவர் முகத்தைச் சுற்றிப் பொதுமக்கள் சிறு துண்டுக் கடிதங்களை ஒட்டிச் சென்றனர். மன்னிப்புக் கேட்ட கடிதங்களே அவற்றுட் பல. 2019 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம், பன்னிரண்டு வாரம் வரையும், அதன்பின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ பாரிய தீங்கு நேருமிடத்தும், குறிப்பிட்ட வேறு சில நிலைகளிலும் அங்கு அனுமதி உண்டு.

உடல்நலம் என்ற அச்சொல்லைக் கவனியுங்கள். இந்தியா 1971ஆம் ஆண்டின் சட்டத்திலேயே அதனைச் சேர்த்துவிட்டது. தாயின் உயிருக்கு மாத்திரமன்றி, உடல் அல்லது மனநலத்துக்குப் பெருந்தீங்கு நேருமாயினும் கருவை நீக்கலாம் என்று விதித்தது. பதினேழாம் வாரத்திலிருந்த சவிதா தம் பிறந்த நாட்டிலிருந்திருந்தால், அவர் கேட்ட சிகிச்சைக்குச் சட்டம் குறுக்கே நின்றிராது. செல்வமும் வைத்திய வசதியும் மிகுந்த நாட்டிற்குப் போனவருக்கு, பிறந்தகத்திலிருந்த காப்பு இல்லாது போயிற்று.

இனி நம் நாடு. அயர்லாந்தின் கதையை இங்கே நான் எழுதுவதற்கு ஒரு காரணம் பேராசிரியர் அருள்குமரன். மற்றையது நமது தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு. அக்கோவை இந்தியத் தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு 1883ஆம் ஆண்டு பிரித்தானிய ஆட்சியாளர் நமக்கு எழுதித்தந்தது. தாயின் உயிரைக் காக்கும் பொருட்டு நன்னம்பிக்கையுடன் செய்யப்பட்டதாயின் அன்றி, கருவைச் சிதைப்பவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை. வயிற்றிற் பிள்ளை அசையத் தொடங்கியபின் ஏழு ஆண்டுவரை. தன் கருவைத் தானே சிதைக்கும் பெண்ணும் இதற்குள் அடங்குவாள். உயிர் என்ற சொல் அங்கே இருக்கின்றது. உடல்நலம் என்ற சொல் இல்லை. பலாத்காரம் பற்றிய பேச்சில்லை. பிறந்தவுடன் இறப்பது உறுதியெனக் கண்ட சிசுவைப் பற்றியும் பேச்சில்லை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்த முற்பட்ட போது, பலாத்காரம், முறைதகா உறவு, சிசுவின் பாரிய ஊனம் ஆகிய நிலைகளுக்கு இடங்கொடுக்கும் வாசகம் மசோதாவில் இருந்தது. எதிர்ப்பு எழுந்தமையால் அவ்வாசகத்தை மட்டும் எடுத்துவிட்டு மற்றைய திருத்தங்களை நிறைவேற்றினர். 2017இல் மறுபடியும் ஒரு முயற்சி நடந்தது. சமயத் தலைவர்களின் எதிர்ப்போடு அதுவும் நின்றது. இதனை எழுதித்தந்தவர்களோ தம் நாட்டில் அரை நூற்றாண்டுக்கு முன்னரே வேறு சட்டம் செய்துகொண்டனர்.

எதிர்ப்போர் யாவரும் ஒரு சமயத்தவர் என்று நம்மவர் எண்ணிவிடலாகாது. கருவை அழித்தல் பெரும்பாவம் என்று நம் தரும நூல்களும் விதித்துள்ளன. அதனை மறைத்துப் பேசுவதற்கில்லை. ஆயினும் நம் முன்னோரின் வைத்திய நூலைப் புரட்டினால் நடை வேறாயிருக்கின்றது. மூடகர்ப்பம் என்று சிக்கலான கருவைப் பற்றி எழுதிய சுசுருதர், வயிற்றில் இறந்துவிட்ட சிசுவைக் கணமுந் தாமதியாது எடுத்துவிட வேண்டும், இல்லையேல் தாயைக் கொன்றுவிடும் என்கின்றார். உயிருள்ள சிசுவை ஆயுதத்தால் வெட்டலாகாது என்றும் அவரே சொல்கின்றார். அதற்கு அவர் காட்டும் காரணம், அவ்வாறு செய்தாற் சிசுவுடன் தாயும் மாள்வாள் என்பதே. அவர் காலத்து ஆயுதங்களை வைத்து அவர் கண்ட முடிவு அது. தடுத்த இடத்திலும் சரி, விதித்த இடத்திலும் சரி, தாய் பிழைப்பாளா என்று கேட்டே அவர் எழுதினார்.

கடைசியாக, குடும்பங்கள் கைக்கொள்ள வேண்டிய ஒன்று. கருச்சிதைவு எவ்வாறு நேர்ந்திருப்பினும் அதன்பின் வரும் இரத்தப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் சிகிச்சை செய்வதை 303ஆம் பிரிவு தடுக்கவில்லை. அதனைத் தடுக்கும் வேறு பிரிவும் இல்லை. அயலார் என்ன சொல்வார்கள், பொலிஸ் வருமோ என்று அஞ்சி, கைமருந்து கொடுத்து வீட்டிலே பொத்திவைத்திருக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. நீர் உடைந்தபின் குளிர்நடுக்கம், காய்ச்சல், நாடித் துடிப்பின் வேகம், துர்நாற்றமுள்ள கசிவு, மயக்கம் என்பவற்றுள் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே வைத்தியரிடம் நடந்ததை மறைக்காது சொல்லுங்கள். சவிதாவின் இரத்தத்திற் கிருமி பரவியதற்கு முதலில் வெளிப்பட்ட அடையாளம், புதன்கிழமை அதிகாலை நாலேகால் மணிக்கு அவர் குளிர்கின்றது என்று சொன்னதுதான்.